கேட்காமல் ரிப்போர்ட் இல்லை

என் மனைவி ஸம்றா எக்ஸ்ரே படங்களைப் பார்த்து நோய் சொல்லும் டொக்டர். நிந்தவூரில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டே, வயல்வெளிக்கு அப்பால் உள்ள ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் படங்களுக்கு ரிப்போர்ட் எழுதுகிறாள். படம் எடுக்கும் அஜந்தோடு போனில் கதைக்காமல் ஒன்றிலும் கையெழுத்து வைக்கமாட்டாள். இதற்காகக் கொழும்பிலிருக்கும் அவளுடைய கூட்டாளிமார் சண்டை பிடிக்கிறார்கள்.

"படத்துக்கு ஒரு போன் எண்டால் ஒரு நாளைக்கு எத்தனை பார்ப்பீர்? தூர இருந்து பார்க்கிறதே வேகத்துக்குத்தானே?" என்று ஒருவர் கேட்டார்.

"முப்பதுதான் பாப்பன். போதும்," என்றாள். பிடிவாதத்தில் அவளை வெல்ல ஆளில்லை. பதினாறு வருடமாக அனுபவிக்கிறேன், எனக்குத் தெரியாதா?

போன வருடம் வரை அவளும் வேகக்காரிதான். ஸகியா என்ற இளம் தாய்க்கு விடாத இருமல். படத்தில் வலது நெஞ்சின் மேற்பக்கம் ஒரு நிழல். 'காசநோயாக இருக்கலாம், சோதிக்கவும்' என்று இரண்டே நிமிடத்தில் எழுதி அனுப்பினாள். சோதனை முடியும் வரை எந்த மாமிக்குப் பொறுமை இருக்கும்? நோய் தொற்றிவிடும் என்று நாலு மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஸகியாவின் மாமியார் நற்பிட்டிமுனையிலுள்ள தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

பன்னிரண்டு நாள் கழித்து அடுத்த படம் வந்தது. நிழல் இடது பக்கத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது. எந்த நோயும் அப்படிப் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பாது. ஸம்றா போனை எடுத்தாள்.

"அஜந், முக்காட்டைக் கழட்டித்தானே படம் எடுத்த நீங்க?"

"இல்லை டொக்டர். ஆம்பிளை நான், எப்பிடிக் கழட்டச் சொல்ற?"

முக்காட்டுக்குள் ஸகியாவின் தடித்த பின்னல் ஒரு தடவை வலது தோளிலும் அடுத்த தடவை இடது தோளிலும் கிடந்திருக்கிறது. ஸம்றா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஸகியாவை வரச்சொல்லிவிட்டு, மறுநாள் காலையிலேயே ஸம்றாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். தாதி அருள்ராணி ஸகியாவின் கூந்தலை உச்சியில் முடிந்துவிட, புதிதாகப் படம் எடுத்தார்கள். நெஞ்சு சுத்தம். சளிச் சோதனையிலும் ஒன்றுமில்லை.

"பிழை என்னுடையது. உங்களுக்கு அந்த நோய் இல்ல. புள்ளைக்குத் தாராளமாப் பால் குடுக்கலாம்," என்று ஸம்றா சொன்னது கதவுக்கு வெளியே நின்ற எனக்கும் கேட்டது.

"எங்க டொக்டர் குடுக்கிற? பால் வத்திட்டு," என்றாள் ஸகியா.

ஸம்றா கதிரையை இழுத்துப் போடுவது கேட்டது.

"புள்ளையக் கொண்டுவரச் சொல்லுங்க. வைக்க வைக்க ஊறும். நான் இங்கதான் இரிப்பன்."

மாமியையும் பிள்ளையையும் நான்தான் ஆட்டோவில் கூட்டிவந்தேன். உள்ளே பிள்ளை வீரிட்டு அழுதது. போத்தலுக்குப் பழகிய வாய், தாயைத் தள்ளியது. மாமி இரண்டு தடவை பிள்ளையோடு கிளம்பப் பார்த்தார், ஸம்றா விடவில்லை. பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன், வரவில்லை.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம் அழுகை நின்றது. ஸம்றா கதவை ஒரு விரற்கடை திறந்தாள்.

"குடிக்கிது," என்றாள்.