நான் "வா" என்று சொல்லவில்லை

இன்று அரியலூர் போகும் பஸ்ஸில் தங்கை மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, பாப்பா நேத்து அரியலூர்ல ரயிலேறிடுச்சு."

பாப்பா என் மகள். இத்தாலியில் அந்த நாட்டு மொழியும் இலக்கியமும் படிக்கிறாள். மூன்று வருடம் முன்பு அவளிடம் சொன்னேன்: "அந்தப் படிப்புக்குப் போனா, நான் வான்னு சொல்ற வரைக்கும் இந்த வாசல மிதிக்காத."

"வந்திருந்தாளா?"

"பத்து நாளா எங்க வூட்லதான் இருந்துச்சு. ரெண்டு தடவ ஒங்க ஊரு பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிடுச்சு. நீங்க வான்னு சொல்லலையே மாமா."

"பெத்தவன் வூட்டுக்கு வர வெத்தல பாக்கு வெச்சு அழைக்கணுமோ?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சொன்ன சொல்லை மாற்றுகிறவன் இல்லை நான். ஆனால் அவள் போனதிலிருந்து தினமும் போனில் இத்தாலிய மொழி கற்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன். மற்றதெல்லாம் நானே படித்ததுதான். அவள் என்ன படிக்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டாமா? இது அவளுக்குத் தெரியாது.

அரியலூரில் இறங்கி, போன வேலையை விட்டுவிட்டு, ரயில்வே ஸ்டேஷனில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இத்தாலிய மொழியில் "வா" என்று சொல்ல முதல் வாரமே கற்றுக்கொண்டேன். தமிழில் சொல்லத்தான் இன்னும் வரவில்லை.

வழி தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். அறிவுரை மட்டும் வேண்டாம்.