வாவிப் படகுக்கு விளையாட்டுச் சாமான் கட்டிய ஏழு வருசம்

படகில் வரும் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் கட்டுகிறவளுக்கு முதல் நாளே ஒன்று விளங்கிவிடும்: தண்ணிக்குள் விழக்கூடியது எதுவோ, அதைத்தான் பிள்ளை முதலில் கையில் எடுக்கும். பிள்ளைகளோடு ஒரு பகல் முழுக்கப் பயணம் போய்ப் பார்த்தவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. நீங்களும் என்னுடைய கட்சிதான்.

கல்லடிப் பாலத்துக்குக் கொஞ்சம் அங்கால் எங்கள் படகுத் துறை. படகு என்றால் இரண்டு தட்டு, மேலே தகரக் கூரை, பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கலாம். முதலாளி பலகையில் 'குடும்பக் கப்பல் உலா' என்று எழுதி வைத்திருந்தார். காலையில் ஒரு குடும்பத்தை ஏற்றினால் வாவியைச் சுற்றிக் காட்டி, மத்தியானச் சாப்பாடும் கொடுத்து, பொழுதுபட முன்னம் கொண்டுவந்து இறக்குவோம். முந்தின நாளே போன் எடுத்து எத்தனை பிள்ளைகள், என்ன வயது என்று கேட்டு, அதற்கேற்ற மாதிரிப் பெட்டி கட்டுவது என் வேலை. படகை ஓட்டியவர் தவம் அண்ணன். எனக்கு முழங்கால் வலி வந்து படகில் ஏறி இறங்க ஏலாமல் போனதால் அந்த வேலையை விட்டேன். இப்போது வேலை பாலர் பாடசாலையில். ஆனாலும் சனிக்கிழமை விடிந்தால் கை தானாகப் பெட்டியைத் தேடுகிறது.

கச்சான் காற்று

என்னுடைய முதல் பெட்டியை நினைத்தால் இன்றைக்கும் வெட்கம். காற்றுப் பந்து, பூப்பந்து மட்டை, காகிதத்தில் செய்த காற்றாடி, சீட்டுக்கட்டு. எல்லாம் பாரமில்லாத சாமான், தூக்க லேசு என்று பெருமையாகக் கட்டினேன். கச்சான் காற்று பலமாக அடிக்கிற மாதம் என்பது நினைவிலேயே இல்லை.

படகு புறப்பட்டுப் பத்து நிமிசத்துக்குள் சீட்டுக்கட்டில் பாதி வாவியில் மிதந்தது. காற்றாடி போன இடம் தெரியாது. பந்து மட்டும் எங்களுக்கு முன்னால் துள்ளித் துள்ளிப் போக, மூன்று பிள்ளைகளும் ஒரே குரலில் அழ, தவம் அண்ணன் படகைத் திருப்பிக்கொண்டு அதன் பின்னால் போனார். அது ஒரு தோணிக்காரரின் வலைக்குள் போய்ச் செருகிக்கொண்டது. வயதான மனிதர். விடியற்காலையில் இருந்து வெயிலில் இருந்திருப்பார். பந்தை எடுத்துத் துடைத்து, என்னிடம் எறிந்துவிட்டுச் சொன்னார்:

"விடிஞ்சதில இருந்து என்ட வலையில பட்டது இது ஒண்டுதான் புள்ள. கவனமா வெச்சிரு."

அப்பா கொண்டுவந்த கப்பல்

சில தகப்பன்மாருக்கு நாங்கள் கட்டும் பெட்டியில் நம்பிக்கை இல்லை. லண்டனில் இருந்து வந்த ஒருவர், ஒரு நாள் உலாவுக்கு ஒரு பெரிய சூட்கேஸ் நிறையச் சாமான் கொண்டுவந்தார். நடுவில் ரிமோட்டில் ஓடும் சிவப்புக் கப்பல். மகளுக்கு ஆறு வயது. கப்பலைத் தண்ணியில் விட்டதும் பிள்ளை கை தட்டியது. தகப்பனும் ரிமோட்டைப் பிள்ளையிடம் கொடுக்காமல் தானே ஓட்டினார். ஓட்டி ஓட்டி, கண்டல் மரத்து வேர்களுக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டார். அதற்குப் பிறகு ரிமோட்டை எப்படி அமத்தினாலும் கப்பல் அசையவில்லை.

பிள்ளை அழத் தொடங்கியதும் மனிதர் நீளக் காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினார். நெஞ்சளவு தண்ணி, கீழே சேறு. நாங்கள் வேண்டாம் என்று கத்தியது அவர் காதில் விழவில்லை. கப்பலைக் கையில் எடுத்து வெற்றி வீரர் மாதிரித் தூக்கிக் காட்டியபோதுதான் தவம் அண்ணன் இரண்டு கையையும் வாயில் குவித்து, "ஐயா, அங்க முதலை இரிக்கிற!" என்று கூப்பிட்டார். இது காதில் விழுந்தது. சேற்றுக்குள் ஒரு மனிதர் அவ்வளவு வேகமாக ஓடியதை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. ஒரு செருப்பும் மூக்குக்கண்ணாடியும் வாவியோடு போயின. ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு கப்பலை மகளின் மடியில் வைத்தார். அவள் கப்பலைத் திரும்பியும் பார்க்கவில்லை. அழுகையும் நின்றிருந்தது.

"அப்பா, இன்னொருக்கா ஓடுங்க!"

சண்டை வராத சாமான்

ஒரு பெண் போன் எடுத்துச் சொன்னாள்: "அக்கா, வெல்லுறதும் தோற்கிறதும் இல்லாத விளையாட்டாப் பாத்து வையுங்க." பிள்ளைகள் சண்டை பிடிப்பார்களா என்று கேட்டேன். பிள்ளைகள் இல்லை, தன்னுடைய அண்ணன்மார் இரண்டு பேர் என்றாள்.

மூத்தவர் கரடியனாற்றில் வெள்ளாமை செய்கிறவர். இளையவர் சுவிஸில். தகப்பன் விட்டுப்போன வயற்காணியைப் பிரித்ததில் வந்த கோபம், பதினொரு வருசமாக இரண்டு பேரும் பேச்சில்லை. படகில் ஏற்றிவிட்டால் ஒருவரும் பாதியில் எழும்பிப் போக ஏலாது என்பது தங்கச்சியின் கணக்கு. நான் அடுக்கி விளையாடும் கட்டைகளும் நிறந்தீட்டும் புத்தகங்களும் கட்டினேன். படகில் தொங்கிய, காய் அடித்து விளையாடும் கரம் பலகையை மறைத்துவைக்க மட்டும் மறந்துபோனேன்.

அதைக் கண்டுபிடித்தது இளையவரின் மகன். "பெரியப்பா, வாங்க" என்று மூத்தவரின் கையைப் பிடித்து இழுத்தான். பிள்ளையிடம் எப்படி மாட்டேன் என்பது? வந்து இருந்தார். ஒரு பக்கத்துக்கு ஆள் குறைய, இளையவரையும் பிள்ளைகள் இழுத்து இருத்தினார்கள். இரண்டு பேரும் எதிரெதிரே, முகம் பார்க்காமல் அடித்தார்கள். பாலத்துக்குக் கீழே படகு திரும்பும்போது அலை வந்து மோதியது. பலகை வழுக்கிக் காய்கள் எல்லாம் ஒரு மூலைக்கு ஓடின. "பிடிடா!" என்று மூத்தவர் கத்தினார். தம்பி பிடித்தார். கையை விட்டால் பலகை வழுக்கும் என்பதால், பின்னேரம் வரைக்கும் ஆளுக்கொரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் விளையாடினார்கள். பிறகு பேசியதெல்லாம் 'சிவப்புக்கு அடி', 'கள்ள அடி அடிக்காத' என்பதுதான். காணியைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் தேத்தண்ணி கொண்டுபோனபோது தங்கச்சி மேல் தட்டுப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"பதினொரு வருசத்துக்குப் பிறகு 'டா' போட்டுட்டார் அக்கா. எனக்கு இது ஒண்டே காணும்."

நாலாவது காய்

நாலு பேர் என்று பதிந்த குடும்பத்தில் மூன்று பேர்தான் வந்தார்கள்: ஒரு தகப்பன், பத்து வயது மகள், ஐந்து வயது மகன். தாய் குவைத்தில் வீட்டு வேலை. அவளுடைய லீவுக்கென்றே இந்த உலாவைப் பதிந்திருந்தார்கள். அந்த வீட்டுக்காரர்கள் கடைசி நேரத்தில் லீவில்லை என்றுவிட்டார்களாம். பிள்ளைகளை ஏமாற்ற மனம் வராமல் தகப்பன் கூட்டிவந்துவிட்டார்.

பாம்பும் ஏணியும் விரித்தேன். சின்னவன் நாலு காய் வைத்தான். பச்சைக் காய் அம்மாவுடையது. அம்மாவின் முறை வரும்போதெல்லாம் தானே தாயக்கட்டையை உருட்டி நகர்த்தினான். பச்சைக் காய் பாம்பில் இறங்க வேண்டிய ஒரு இடத்தில் அக்காவும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேரும் ஒன்றாகத் தண்ணிப் பக்கம் திரும்பி, கொக்கு பார்த்தார்கள். சின்னவன் பச்சையைப் பாம்புக்கு மேலால் தூக்கி வைத்தான். நானும் கொக்குத்தான் பார்த்தேன். கடைசியில் பச்சை வென்றது. வென்றவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் டொபிப் பைக்கற்றை அவன் பிரிக்கவில்லை. தகப்பனின் போனை வாங்கி, குரலைப் பதிந்து அனுப்பினான்:

"அம்மா, நீங்கதான் வெண்டீங்க. பரிசு என்னட்ட இரிக்கு, வந்து எடுங்க."

ஐந்து கல்

வாகரையில் இருந்து வந்த குடும்பம் அது. மகனுக்கு ஏழாவது பிறந்தநாள். தகப்பனும் மகனும் ஏறிவிட்டார்கள். தாய் துறைப் பலகையில் கால் வைத்தாள், எடுத்தாள். திரும்ப வைத்தாள், எடுத்தாள். பிறகு கரையிலேயே இருந்துவிட்டாள். சுனாமி வந்த நாளில் அவளுடைய தங்கச்சி இவள் பிடித்த கையில் இருந்து நழுவி அலையோடு போய்விட்டாளாம். அதற்குப் பிறகு அவள் தோணியோ படகோ ஏறியதில்லை என்று புருசன் மெதுவாகச் சொன்னார். மகனுக்காக இந்தத் தடவை ஏறிப் பார்க்கிறேன் என்று அவளாகத்தான் வந்திருக்கிறாள். மகனோ அம்மா இல்லாமல் போகமாட்டேன் என்று இறங்கிவந்து பக்கத்தில் நின்றான். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலவில்லை. தன்மேல் தனக்கு வந்த கோபம் அந்த முகத்தில் இருந்தது.

பெட்டியைக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் வைத்துத் திறந்தேன். கொக்கான் வெட்ட, அதாவது கல்லை எறிந்து பிடித்து விளையாட, ஐந்து கூழாங்கல் ஒரு சீலைப் பையில் இருந்தது. எடுத்து எறிந்து பிடிக்கத் தொடங்கினேன். இரண்டாவது கல்லிலேயே தவறவிட்டேன். அவள் என் பக்கம் திரும்பினாள். "இப்பிடியா புடிக்கிற?" என்று கையை நீட்டினாள். அந்தக் கை கல்லை எறிந்து, அள்ளி, பிடித்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மகன் வாய் பிளந்து நின்றான். அம்மாவுக்கு இது தெரியும் என்பதே அவனுக்குத் தெரியாது. மூன்று ஆட்டம் தோற்றேன்.

வெயில் ஏறிவிட்டது. "உள்ள நிழல் இரிக்கு, கயித்தில கட்டின படகுதான், அங்க இருந்து கொக்கான் வெட்டுவம்" என்றேன். ஒரு கையால் மகனையும் மற்றக் கையால் கற்களையும் பிடித்துக்கொண்டு வந்தாள். கீழ்த்தட்டில் தண்ணி கண்ணில் படாத நடு இடத்தில் இருந்தாள். தவம் அண்ணன் கயிற்றில் கை வைக்கவே இல்லை. அவள் சொல்லாமல் படகை எடுக்கக்கூடாது என்று நின்றார். நாங்கள் கொக்கான் வெட்டிக்கொண்டே இருந்தோம். நாலாவது ஆட்டமோ ஐந்தாவதோ, தலை நிமிராமலே சொன்னாள்:

"கயிறக் கழட்டச் சொல்லுங்க அக்கா. நான் கல்லப் பாத்துக்கொண்டு இரிக்கன்."

ஏழு வருசமாகப் பிள்ளைகளின் வயதைக் கேட்டுக் கேட்டுத்தான் பெட்டி கட்டினேன். பெரியாக்களின் வயதையும் கேட்டிருக்க வேணும் என்று இப்போதுதான் விளங்குகிறது.