பெரிய மாமனாரும் கிளம்பாத காரும்

பெரிய மாமனாரை நினைத்தால் எனக்கு முதலில் அவர் முகம் வருவதில்லை, முதுகுதான் வருகிறது. தோளில் போட்டிருந்த அங்கவஸ்திரம் ஒரு பக்கமாகச் சரிந்து மண்ணைத் தொட, இளம்பிள்ளை போகும் சாலையில் புளியமரங்களுக்கு நடுவே அவர் தனியாக நடந்துபோகிறார். பின்னால் அவருடைய சொந்தக் கார் எந்தக் குறையும் இல்லாமல் உறுமிக்கொண்டு நிற்கிறது. அதற்குள் கல்யாணப் பெண்ணாக நான் உட்கார்ந்திருக்கிறேன். மருதாணி தெரியாத அளவுக்கு என் கையெல்லாம் கரி.

அவர் என் கணவருக்குப் பெரியப்பா. அண்ணன் தம்பிகள் வீட்டுத் தறிகள் அத்தனைக்கும் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் தறியில் உட்கார்ந்தால் ஊரே வந்து பார்க்கும் என்பார்கள். என் கல்யாணக் கூறைப்புடவையை வேறு யாரையும் தொடவிடாமல் அவரே நெய்திருந்தார். தறிக்கு அடுத்தபடியாக அவர் பெருமைப்பட்டது அந்தக் காரை நினைத்துத்தான். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பழைய வண்டி அது. எங்கள் பக்கத்தில் அப்போது வேறு கார் கிடையாது. அது தெருவுக்குள் வந்தால் தறிச் சத்தம் எல்லா வீட்டிலும் ஒரு நிமிஷம் நிற்கும்.

என் அப்பா தறிக்காரக் குடும்பத்தில் பிறந்து தறியை விட்டவர். சூரமங்கலத்தில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கார் பழுது பார்க்கும் கொட்டகை வைத்திருந்தார். கொட்டகையும் வீடும் ஒரே கூரைக்குக் கீழே. அவருக்கு மகன் இல்லை. அடுப்பில் உலை கொதிக்கும் சத்தத்தையும் கொட்டகையில் இன்ஜின் ஓடும் சத்தத்தையும் ஒன்றாகக் கேட்டே நான் வளர்ந்தேன். எது எதனால் கிளம்பவில்லை என்று தெரிந்துகொள்வது எனக்குச் சோறு வெந்துவிட்டதா என்று பார்ப்பதைப் போலத்தான் இருந்தது. கல்யாணம் நிச்சயமானதும் அம்மா புளியும் சாம்பலும் போட்டு என் நகக்கண்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். "அந்த ஊட்டுக்குப் போயி காரு கீருன்னு வாயத் தொறந்திராத. பொம்பளைக்கு அது லட்சணமில்ல" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. என் கை விரல்களைப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கும்.

கல்யாணம் முடிந்து இளம்பிள்ளைக்குப் புறப்பட்டோம். முன்னால் பெரிய மாமனாரும் டிரைவரும், பின்னால் நானும் என் கணவரும் மாமியாரும். சூரமங்கலத்திலேயே வண்டி சுலபமாகக் கிளம்பவில்லை. டிரைவர் முன்பக்கத்தில் ஹேண்டிலைச் செருகிப் பலமுறை சுற்றி அடித்த பிறகுதான் மனமில்லாமல் கிளம்பியது. வழியில் ஒரு பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்க நிறுத்தினோம். திரும்பி வந்து ஏறியபோது இன்ஜின் செத்துக் கிடந்தது. அன்றைக்குச் சந்தை நாள். மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர்களும் கூடைக்காரிகளும் எங்களைச் சுற்றிக் கூட்டமாக நின்றுவிட்டார்கள். நல்ல நேரம் முடிவதற்குள் நான் புகுந்த வீட்டு வாசலை மிதித்தாக வேண்டும். டிரைவர் அடித்து அடித்துக் களைத்தார். பெரிய மாமனார் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னார். வண்டி உருண்டதே தவிர ஒரு செருமல்கூட வரவில்லை.

நான் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தது. அப்படியானால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் இல்லை. டிரைவரோ இன்னும் பெட்ரோலைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். என் கணவரின் காதில் மெதுவாகச் சொன்னேன். அவர் பயந்துபோய், "பேசாம இரு" என்றார். மாமியார் வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் கலங்கினார். அதற்குமேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. இறங்கிப்போய், "ஒரு பிளக்கு ஒயரக் கழட்டி இன்ஜின் பக்கத்துல புடிங்க. ஒருத்தரு ஹேண்டில் அடிக்கட்டும்" என்றேன். டிரைவர் பெரிய மாமனாரைப் பார்த்தார். அவர் தடுக்கவில்லை. ஒயரைப் பிடித்தார்கள், அடித்தார்கள். பொறி விழவில்லை. பொறியைப் பங்கு வைக்கும் கறுப்பு மூடியை நானே கழற்றினேன். உள்ளே பொறி உண்டாக்கும் பாயிண்ட் இரண்டிலும் எண்ணெயும் கரியும் அப்பியிருந்தன. சுற்றும்முற்றும் பார்த்தேன். கையில் துணி எதுவும் இல்லை. யோசிக்காமல் என் முந்தானை நுனியை முறுக்கி அதற்குள் விட்டுத் துடைத்தேன். பெட்ரோலில் நனைந்திருந்த பிளக்குகளையும் அதிலேயே துடைத்துக் காற்றாட வைத்து மாட்டச் சொன்னேன். அடுத்த சுற்றிலேயே வண்டி கிளம்பிவிட்டது.

கூட்டம் கைதட்டியது. "மாப்பிள்ளைய இனிமே தார் சுத்தச் சொல்லுங்கடோய்!" என்று யாரோ கத்தினார்கள். தறி நாடாவுக்கு நூல் சுற்றிக் கொடுப்பதுதான் தார் சுற்றுவது; எங்கள் வீடுகளில் அது பெண்கள் செய்யும் வேலை. சந்தையே சிரித்தது. நான் நிமிர்ந்தபோது பெரிய மாமனார் என் முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையால் இழை இழையாக நெய்த சரிகையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. அவர் முகம் கோபத்தில் சிவந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அடிபட்ட குழந்தையைப் போல அது சுருங்கிவிட்டிருந்தது. "நீங்க போங்க. நா நடந்து வாரேன்" என்றார். மாமியார் எவ்வளவோ கெஞ்சினார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவரைத் தாண்டிப் போகத் துணிவில்லாமல் டிரைவர் வண்டியை நிறுத்தி வைத்தார். அவர் கண்ணுக்கு மறைந்த பிறகு வேறு வண்டித்தடத்தில் சுற்றிக்கொண்டு போனோம். நல்ல நேரத்துக்குள் வீடு நுழைந்தேன். ஆலத்தித் தட்டைப் பிடித்திருந்தவர்கள் என் கையைப் பார்த்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதன்பிறகு அவர் என்னோடு பேசவில்லை. அவர் வீடும் எங்கள் வீடும் ஒரே சுவரைப் பகிர்ந்தவை. என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் மாமியாரிடம் சொல்லி அனுப்புவார். ஊரில் அந்தக் காருக்கு 'மருமவ காரு' என்று பேர் வைத்துவிட்டார்கள். அந்தப் பேர் காதில் விழும்போதெல்லாம் நான் கூசிப்போவேன். அவர் அதைவிடக் கூசியிருக்க வேண்டும். வண்டியை எடுப்பதையே குறைத்துக்கொண்டார். யுத்தம் வந்து பெட்ரோல் அளந்து கொடுக்கத் தொடங்கியதும் டிரைவரும் வேறு வேலை தேடிப் போய்விட்டார்; எப்போதாவது எடுத்தால் அவரே ஓட்டுவார். அவர் வீட்டுக் கொட்டகையில் வண்டி தூசி படிந்து நின்றது. கறைபட்ட புடவையை மாமியார் பெட்டியின் அடியில் வைத்துவிட்டார். நான் தறிக்குத் தார் சுற்றவும் பாவுக்குக் கஞ்சி போடவும் கற்றுக்கொண்டேன். ஒரு இன்ஜினைப் பற்றிக்கூட யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இப்படியே சில வருஷம் போன பிறகு, பெரிய மாமனாரின் ஒரே மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மழைக்காலம். முந்தின ராத்திரியிலிருந்தே வலி. விடியக்காலையில் மருத்துவச்சி கை விரித்துவிட்டு, சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டாள். "மாட்டு வண்டி பூட்டட்டுங்களா?" என்று யாரோ கேட்டார்கள். "காரு இருக்கறப்ப மாடு எதுக்கு?" என்று பெரிய மாமனார் அதட்டியது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. பிறகு ஹேண்டில் சுற்றும் சத்தம். இன்ஜின் இரண்டு தரம் தும்மியது, அடங்கியது. மறுபடியும் தும்மியது, அடங்கியது. தும்முகிறதென்றால் பொறி இருக்கிறது. உயிர் பிடித்து உடனே போகிறதென்றால் பெட்ரோலோடு தண்ணீர் கலந்திருக்கிறது. மழைக்கு ஒழுகும் கொட்டகையில் கிடந்த வண்டி வேறெப்படி இருக்கும்? கஞ்சிப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் அப்படியே நின்றேன். வாசல் பக்கம் திரும்பியபோது மாமியார் என் கையைப் பிடித்தார். "உன்னய ஆரும் கூப்புடலீல்ல. கம்முனு இரு. மறுக்கா அவுரு மூஞ்சில நம்மளால முழிக்க முடியாது" என்றார். அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. நான் நின்றுவிட்டேன். தும்மலுக்கும் தும்மலுக்கும் நடுவே அந்தப் பெண்ணின் அலறல் கேட்டது. பிறகு அலறல் மெல்ல முனகலாகிவிட்டது. ஹேண்டில் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

வெயில் முற்றத்துக்கு வந்துவிட்ட பிறகு அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். சட்டை இல்லாத உடம்பெல்லாம் வியர்வை. ஹேண்டில் திருப்பியடித்ததில் மணிக்கட்டு வீங்கியிருந்தது. என்னைப் பார்க்காமல் நிலைப்படியைப் பார்த்தே, "சாமி... செத்த வா சாமி" என்றார். பெற்ற பிள்ளையைக் கொஞ்சிக் கூப்பிடும் அந்தச் 'சாமி'தான் அத்தனை வருஷத்தில் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

ஓடினேன். பெட்ரோல் இறங்கும் வழியில் இருந்த கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றினேன். அடியில் தண்ணீரும் துருவும் தனியாகத் தெரிந்தன. கொட்டிக் கழுவினேன். டாங்கியின் அடியில் கிடந்த தண்ணீர் போகும்வரை கொஞ்சம் பெட்ரோலைத் தரையில் ஓடவிட்டேன். கார்ப்பரேட்டர் ஊசித்துவாரத்தை வாயால் ஊதினேன். நாக்கெல்லாம் எரிந்தது. அவர் பக்கத்தில் குனிந்து நின்று நான் கேட்டதை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். தெருவே திரண்டு பார்த்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. வண்டி கிளம்பியது. வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வதென்று என்னையும் ஏறச் சொன்னார். ஸ்டீரிங்கில் அவர், பின்னால் மகளும் அவர் மனைவியான பெரிய அத்தையும். மாமனாருக்குச் சமமாக முன்னால் உட்காரக் கூசி, நான் கால் வைக்கும் இடத்திலேயே குந்தினேன். "மேல உக்காரு சாமி" என்றார். ஏறி உட்கார்ந்து, சேலம் போய்ச் சேரும்வரை இன்ஜின் சத்தத்துக்கே காது கொடுத்திருந்தேன்.

பெண் பிழைத்துக்கொண்டாள். குழந்தை பிழைக்கவில்லை. ஆண் குழந்தை. டாக்டரம்மாள் கடிந்து சொல்லவில்லை. களைப்போடு, "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." என்று தொடங்கி, எங்கள் இருவர் முகத்தையும் பார்த்து நிறுத்திக்கொண்டார். வராந்தாவில் நானும் அவரும் மட்டும் நின்றோம். என் கையில் பெட்ரோல் வாடை போகவில்லை. அவர், "நா வெடியக்காலயே வந்து உன்னயக் கூப்புட்டிருக்கோணும்" என்றார். "நா கூப்புடாமயே வந்திருக்கோணுமுங்க" என்றேன். ஒருவர் அழுவதை ஒருவர் பார்க்காமல் இருக்க அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் திரும்பிக்கொண்டோம். பொறி எங்கே இல்லை, பெட்ரோல் எங்கே அடைத்திருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த எனக்கு, ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் என்ன அடைத்துக்கொண்டு நின்றது என்பது அப்போதுதான் தெரிந்தது. தெரிந்து என்ன?

மகள் மறுபடியும் உண்டாகி வந்தாள். மாதம் நெருங்கியதும் பெரிய மாமனார் தினமும் காலையில் தெரு நடுவில் வந்து நின்று, எல்லா வீட்டுக்கும் கேட்கும்படி, "சாமி, வண்டிய ஒருக்காப் பாத்துட்டுப் போ" என்று கூப்பிடுவார். நான் போவேன். கிண்ணத்தைப் பார்ப்பேன், பாயிண்டைத் துடைப்பேன், கிளப்பிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு நிறுத்துவேன். அளந்து கொடுத்த பெட்ரோலைத் துளிகூட வேறெதற்கும் அவர் செலவழிக்கவில்லை. வலி கண்ட அன்று அவர் கூப்பிடுவதற்கு முன்பே நான் கொட்டகையில் இருந்தேன். ஒரே சுற்றில் கிளம்பியது. வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். நாங்கள் வண்டிக்குள் படுக்கை விரித்துக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்குள்ளிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்டது. மருத்துவச்சி வெளியே வந்து சிரித்தாள். வண்டிக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

தெருவில் எல்லாரும் கலைந்து போனார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். "பெட்ரோலு வீணாப் போகுதுங்க. அமத்திரட்டுங்களா?" என்று கேட்டேன்.

"ஓடட்டும் சாமி" என்றார். "கொஞ்ச நேரம் ஓடட்டும்."