ஜீப் சத்தம் கேட்டால் மலையேறும் மாடுகள்

எனக்கு வாய் சும்மா இருக்காது. சோற்றில் உப்புக் கூடினால்கூடப் எங்கள் வரிசையில் பத்துக் காம்பிரா வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிடுகிற ஆள் நான். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஏழு மாதம் வாயைத் திறக்காமல் வைத்திருந்தேன். அதுதான் என்னைக் கவிழ்க்கப் பார்த்தது.

விஷயம் இதுதான். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கிற மேல் லயத்தில் மூன்று பசு வளர்த்து யோகட் போட்டுக்கொண்டிருந்தேன். பாலைக் காய்ச்சிக் கப்பில் ஊற்றி உறைய வைத்து, காலையில் த்ரீவீலில் கண்டி டவுனுக்கு அனுப்புவேன். ருசியில் ஒருத்தரும் ஒரு குறை சொன்னதில்லை. ஆனால் என்னிடம் குளிர்ப்பெட்டி இல்லை. வெயில் கொஞ்சம் ஏறினால் போதும், கப்புக்குள் தண்ணீர் விட்டுவிடும். பாதி அப்படியே திரும்பி வரும். கடுகண்ணாவையில் மெயின் ரோட்டுக் கடைக்காரர் ஒருவர், "குளிரா கொண்டாந்தா தினமும் எடுப்பேன்மா" என்று சொல்லி ஒரு வருடம் ஓடிவிட்டது. அந்த நேரத்தில்தான் மாட்டு டாக்டர் ஆபீஸான மிருக வைத்தியக் கந்தோரில் அறிவித்தல் ஒட்டினார்கள். சின்னதாகப் பால் தொழில் செய்கிறவர்களுக்குத் தொழுவமும் குளிர்ப்பெட்டியும் மானியத்தில் உண்டு. பாதிச் செலவு அரசாங்கத்துடையது, பாதி நம்முடையது. சுவரில் ஒட்டியிருந்ததை நின்ற இடத்திலேயே மூன்று தரம் வாசித்தேன். 

ஆனால் காம்பிராவும் நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டத்து ஆபீஸ் கடிதம் இல்லாமல் விண்ணப்பத்தைத் தொடவே மாட்டார்கள். நடந்தேன், நடந்தேன், அப்படி நடந்தேன். என் தலையைக் கண்டால் கிளாக்கர் ஐயா பின் கதவால் போய்விடுகிற அளவுக்கு நடந்தேன். கடைசியில் தோட்டத்து மேனேஜர் தொரை கையெழுத்து வைத்துக் கொடுத்தார். மூன்று பசு வைத்துக்கொள்ளலாம், லயத்துக்குப் பின்னால் உள்ள துண்டில் தொழுவம் கட்டலாம் என்று எழுதியிருந்தது. அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினேன். "காரியம் முடியுற வரைக்கும் மூச்சு விடாத. கண்ணு பட்டுரும்" என்றார் என் புருஷன். நானும் சரியென்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இங்கேதான் எங்கள் ஆட்களின் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். தேயிலைக்குள் மாடு நுழைந்தால் தோட்டத்துக்காரர்கள் பிடித்துக் கட்டிப்போடுவார்கள், மாட்டுக்காரனை ஆபீஸுக்கு இழுப்பார்கள். அதனால் எங்கள் லயத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கீழே வளைவில் ஜீப் சத்தம் கேட்டால், யாருடைய மாடு என்று பார்ப்பதில்லை. கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு மாட்டை அவிழ்த்து மேலே பைன் காட்டுக்குள் ஓட்டிவிட வேண்டும். ஜீப் லயத்துக்கு வரும்போது சாணி வாசம்தான் இருக்கும், மாடு இருக்காது. அடுத்த காம்பிரா அக்கா இதில் கெட்டிக்காரி. எனக்கும் அவளுக்கும் தண்ணீர்க் குழாயடியில் வாரத்துக்கு ஒரு சண்டை நிச்சயம். ஆனாலும் என் மாட்டை அவிழ்க்க எனக்கு முன்னால் ஓடுகிறவள் அவள்தான்.

விண்ணப்பம் கொடுத்து ஏழு மாதம் கழித்து ஒரு நாள் காலை கந்தோரிலிருந்து போன் வந்தது. அதிகாரி கலகெதரப் பக்கத்து முஸ்லிம் பொம்பிளை; பேச்சில் ஒரு அன்பு இருக்கும். "புள்ள, இண்டைக்குப் பட்டியல் அனுப்பணும். மூணு மாட்டையும் கண்ணால பாத்து போட்டோ எடுத்தாத்தான் சரி. இல்லாட்டி ஒங்கட பேர் அடுத்த வருஷம்தான், அதுவும் திட்டம் இரிந்தா" என்றார். அடுத்த வருடமா? கடுகண்ணாவைக் கடைக்காரர் அதுவரைக்கும் எனக்காகத் தவம் இருப்பாரா? பறந்தடித்துச் சேலையை மாற்றிக்கொண்டு, வழி காட்டுவதற்காகக் கீழே ரோட்டு முனைக்கு ஓடினேன். மாடுகளைக் குளிப்பாட்டிக் கட்டிவிட்டுத்தான் போனேன். ஒன்றுக்குப் பொட்டுக்கூட வைத்திருந்தேன்.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஜீப்பில் ஏறி எங்கள் லயத்துக்கு வந்தேன். மனசு குதித்தது. வளைவில் ஏறும்போது டிரைவர் ஹாரன் அடித்தார். இறங்கிப் பின்பக்கம் போய்ப் பார்க்கிறேன், மூன்று முளையும் நிற்கிறது. ஒரு மாடும் இல்லை.

 "அக்கா! மாடு எங்க?" என்று கத்தினேன்.

அக்கா வாசல் திண்ணை இஸ்தோப்பில் நின்று அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஜீப்பையும், கையில் பைலோடு நின்ற அதிகாரியையும், பக்கத்தில் என்னையும் பார்த்தாள். என்னைப் பிடித்துவிட்டார்கள் என்றே நினைத்துவிட்டாள், பாவி மகள்!

"என்ன மாடு?" என்றாள் முகத்தில் ஒன்றையும் காட்டாமல். "இங்க ஏதுங்க மேடம் மாடு? இந்த லயத்துல யாரும் மாடே வளக்குறதில்ல. இந்தப் புள்ள பால் பவுடர்லதான் யோகட் போடுது. மாரியம்மா சத்தியமாங்க!"

அதிகாரி மெதுவாக என் பக்கம் திரும்பினார். பசும்பால் யோகட் என்று நானே கையெழுத்து வைத்துக் கொடுத்த விண்ணப்பம் அவர் கையில் இருந்தது. "என்ன புள்ள இது? பவுடரா?" என்றார். பைலை மூடினார். 

"ஐயோ அக்கா, வாய மூடுங்க!" என்றேன். "இவங்க மாடு பிடிக்க வரல. மாட்டுக்கு மானியம் குடுக்க வந்திருக்காங்க!"

"அப்படித்தாண்டி சொல்லுவாங்க" என்று அவள் எனக்கே கண் காட்டினாள்.

அந்த நேரம் பார்த்து அவள் காம்பிராவுக்குள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. "ம்மாஆ..." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள், எங்கள் அக்கா முழுப் பசுவையே அடுப்படியில் மறைத்து வைத்திருந்தாள். சினைப் பசு, மலையேறினால் கஷ்டப்படும் என்று உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறாள். அதிகாரி வாயில் கையை வைத்துக்கொண்டார். "அல்லாஹ்வே, பவுடர் கத்துதே!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

சாமி படத்துக்குப் பின்னாலிருந்த கடிதத்தைக் கொண்டுவந்து அக்காவின் மூக்குக்கு நேரே நீட்டினேன். அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். தொரையின் கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் முறத்தைக் கீழே போட்டாள். "ஏழு மாசமா இத மறைச்சு வச்சிருந்தியா? நாங்க என்ன, ஒன்னத் திங்கவா போறோம்? சொல்லியிருந்தா மாட்டுக்கு மாலையே போட்டிருப்பேனேடி!"

 ஊர்க் கண் படும் என்று பயந்து மறைத்தேன். அந்த ஊர்தான் இத்தனை வருடமும் என் மாட்டுக்காக ஓடியிருக்கிறது. வெட்கமாகப் போய்விட்டது.

"அரை மணித்தியாலம் நிக்கிறன், மத்த ரெண்டையும் காட்டுங்க" என்றார் அதிகாரி. அவ்வளவுதான்! அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "மாட்டக் கொண்டாங்கடி, மாட்டக் கொண்டாங்க!" என்று லயமே அதிர ஒரு கூச்சல் போட்டாள். பத்துக் காம்பிராவும் பைன் காட்டுக்கு ஏறியது. மாட்டை ஒளிக்க ஏறின மலையில், மாட்டைக் காட்ட ஏறியது அன்றுதான். நான் பால் வாளியைத் தட்டிக்கொண்டே ஓடினேன். செருப்பு ஒரு பக்கம் போனது, அட்டை கடித்ததுகூடத் தெரியவில்லை. பனிமூட்டத்துக்குள்ளிருந்து முதலில் மணிச் சத்தம் கேட்டது, அப்புறம் இரண்டு கொம்பு, அப்புறம் இன்னும் இரண்டு. எல்லோரும் கைதட்டினோம். கல்யாண ஊர்வலம் மாதிரி இறக்கிக் கொண்டுவந்தோம்.

அதிகாரி போட்டோ எடுத்து முடித்து, "சரியாச் செல்லுங்க, மொத்தம் எத்தின மாடு?" என்று கேட்டார். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்கக்கா" என்றேன். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"மூணுங்க மேடம். நாலாவது வயித்துல இருக்கு."

மானியம் கிடைத்தது. தகரம் போட்ட தொழுவமும் குளிர்ப்பெட்டியும் வந்தன. கடுகண்ணாவைக் கடைக்கு இப்போது தினமும் போகிறது. தொழுவம் முடிந்ததும் கடைசியாக ஒரு தரம் பார்வையிட வந்தார்கள். நான் கன்றுக்குட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன், அக்கா புல் வெட்டிக்கொண்டிருந்தாள். வளைவில் ஜீப் சத்தம் கேட்டது. மூன்று பசுவும் சட்டென்று எழுந்து மலைப் பக்கம் கயிற்றை இழுத்தன. பார்த்தால், நானும் எழுந்து நிற்கிறேன். என் கை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்கிறது.

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். என் கையைப் பிடித்து முடிச்சை மறுபடியும் இறுக்கினாள்.

"உக்காருடி" என்றாள். "இனி எங்கயும் ஓட வேணாம்."