பாட எடுத்த மூச்சு

பாடல் பதிவுக் கூடத்தில் அவருக்குக் கத்தரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. பாடுகிறவர்கள் இரண்டு வரிகளுக்கு நடுவில் இழுக்கும் மூச்சைப் பதிவிலிருந்து வெட்டி எடுப்பது அவர் வேலை. இருபத்தாறு வருடமாக அதே நாற்காலி. தொலைபேசியில் எதிராளி வாயைத் திறப்பதற்குள் மூச்சை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார். இதனாலேயே சொந்தக்காரர்கள் அவரிடம் பொய் சொல்லப் பயந்தார்கள்.

அங்கே பாட வரும் ஒரு பாடகியின் பாட்டு வந்தால் மட்டும் கத்தரிக்கு ஒரு துள்ளல் வரும். ஊரில் பாதிப் பேர் அந்த அம்மாளைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள்; மீதிப் பேர் குரல் கேட்டாலே வானொலியை அணைத்தார்கள். வாய் அப்படி. பேட்டி எடுக்க வந்தவரைப் பாதியில் எழுப்பி அனுப்புவார். மேடையிலேயே கூடப் பாடுகிறவர்களை வறுத்தெடுப்பார். ஆனால் பாட்டு என்று வந்துவிட்டால் எதற்கும் துணிந்தவர். ஊரே தாளம் போட்டு ரசித்த தன் பாட்டிலிருந்து தாளத்தையே பிடுங்கி எறிந்துவிட்டு மறுபடி பாடினார். ஒரு தடவை காலியான தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி நின்று பாடினார். இந்தச் சோதனைகளில் பாதி மண்ணைக் கவ்வின. "விழுந்தா விழட்டும்யா. என்ன, எலும்பா முறியப்போவுது?" என்பார்.

கத்தரியின் மனைவி அதே கூடத்தில் பின்குரல் பாடியவர். ஒன்பது வருடத்துக்கு முன்னால், நாற்பது பேர் பார்க்க, "உன் குரல் என் பாட்டுல ஒட்டவே ஒட்டாது, வெளிய போ" என்றார் பாடகி. மனைவி அன்றோடு பாட்டை விட்டார். சமையலறையில் முணுமுணுக்கக்கூட இல்லை. மூன்று வருடத்துக்கு முன் காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை.

கத்தரி மட்டும் பாடகிக்கு வேலை செய்வதை விடவில்லை. மகளுக்கு வயிறு எரிந்தது. "அம்மா வாயை அடைச்சவங்களுக்கே சேவகம் பண்றீங்களே, வெட்கமா இல்லையாப்பா? இந்தப் பாட்டோட விடுங்க. இல்லைன்னா நான் வேற வீடு பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் குரல் அடுத்து எங்கே போய்க் குதிக்கும் என்று கேட்காமல் இருக்கவும் அவரால் முடியவில்லை. பாவி மனுஷன், என்னதான் செய்வார்!

இந்தப் பாட்டில் பாடகி புதிதாக ஒன்று செய்தார். இரண்டாவது வரி முடிந்ததும் பதினொன்று எண்ணி முடிக்கிற நேரம்வரை குரலும் இல்லை, வாத்தியமும் இல்லை. வெறும் அறை. தயாரிப்பாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

பிற்பகல் மூன்று மணிக்குக் கத்தரி காதொலிப்பானை மாட்டிப் பதிவைக் கேட்டார். அந்த வெற்றிடத்தில் ஒரு மூச்சு கேட்டது. கை பழக்கத்தில் வெட்டிப் போட்டது. அடுத்த பதிவிலும் அதே இடத்தில் இருந்தது. அப்போதுதான் காது விழித்துக்கொண்டது. பாடகி மூக்கால் நீளமாக இழுப்பவர். இது வாயால் உறிஞ்சிய மூச்சு. சின்னதாக ஒன்று, உடனே இன்னொன்று. இருபது வருடம் பக்கத்தில் படுத்துக் கேட்ட மூச்சு.

மறுநாள் குளிர்சாதனத்தை நிறுத்தினார். ஒலிவாங்கியை மாற்றினார். கண்ணாடி வழியாகப் பாடகியின் முகத்தையே பார்த்துக்கொண்டு பதிவு செய்தார். உதடு மூடியிருந்தது, நெஞ்சு அசையவில்லை. மூச்சு மட்டும் வந்தது.

மகளைக் கூட்டி வந்து கேட்க வைத்தார். அவள் மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவை அழுதாள்.

"அம்மாதான். இது சும்மா விடுற மூச்சு இல்லப்பா, பாட எடுக்கிற மூச்சு. அதுக்குள்ள இவங்க அடுத்த வரிக்குத் தாவிட்டாங்க. இப்பவும் அம்மாவைப் பாட விடலை பாருங்க."

இதைப் பாடகியிடம் எப்படிச் சொல்வது என்று கத்தரிக்குத் தெரியவில்லை. ஆனாலும் சொன்னார். மகள் கதவோரம் நின்றாள். பாடகி காதில் மாட்டிக் கேட்டுவிட்டுக் கழற்றி வைத்தார்.

"நான் வெளிய அனுப்பினேனே, அவளா?"

"ஆமாம்மா."

மன்னிப்பு ஏதாவது வரும் என்று மகள் எதிர்பார்த்தாள். வரவில்லை. அந்த அம்மாளுக்கு அது தெரியாத பாஷை.

"சரணம் முழுசையும் அவளுக்கு விட்டுடறேன்" என்றார் பாடகி.

"ஒண்ணும் வரலைன்னா?" என்றார் கத்தரி.

"ஒண்ணரை நிமிஷம் வெறும் அறை. ஊரே காறித் துப்பும். துப்பட்டும், வாங்கிக்கிறது நான்தானே? நீ பதிவை ஓட்டுய்யா."

கத்தரி ஓட்டினார். முதல் இரண்டு வரிகளைப் பாடகி அதுவரை பாடாத அளவுக்கு மெதுவாகப் பாடினார். நிறுத்தினார். பிறகு, யாருமே சொல்லாமல், ஒலிவாங்கியின் முன்னாலிருந்து இரண்டடி தள்ளி, சுவரை ஒட்டி நின்றுகொண்டார்.

மூச்சு வந்தது. சின்னதாக ஒன்று, உடனே இன்னொன்று. யாரும் அதன் குறுக்கே வரவில்லை. ஒலி அளவு காட்டும் முள் நடுங்கி, மெல்ல மேலே ஏறியது. மகளின் விரல்கள் கத்தரியின் தோளில் பதிந்தன.

"அப்பா, அம்மா ஆரம்பிச்சுட்டாங்க" என்றாள்.