வரிசையில் நின்ற நிரல்

2024 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை. வடக்கனந்தல் வீட்டிலிருந்தபடியே எழில்மதி, கல்வராயன் மலைக்கிராமம் ஒன்றின் ஆம்புலன்ஸ் அழைப்புப் பெட்டியில் புதிய கணினி நிரலை ஏற்றினாள். பொத்தானை அழுத்தினால் செய்தி பெட்டிக்குள் பதிந்த ஒரு பெயருக்குப் போகும்; அந்தப் பெயரை வைத்திருக்கும் நிரல்தான் அதைப் படித்து வண்டியை அழைக்கும். அந்தப் பெயரை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் வைத்திருக்கலாம். பழைய நிரல் உறைந்துபோயும் பெயரை விடவில்லை. புதியது கேட்டபோது 'இரண்டு' என்று பதில் வந்தது. வரிசையில் காத்திரு என்பது அதன் பொருள். பிழை என்று வரவில்லையே என்று அவள் கணினியை மூடிவிட்டாள்.

புதன்கிழமை கிராமச் செவிலியர் ராணியம்மாள் போன் செய்தார்.

"இன்னா பெட்டிம்மா வெச்ச? அமுக்கிக்கினே இருந்தோம், ஒரு வண்டியும் வரல. டோலி கட்டித் தூக்கினு வர்ற வழியிலயே புள்ளத்தாச்சி போயிட்டா."

அந்த 'இரண்டு' என்ற பதிலை எழில்மதி கண்ணால் பார்த்திருந்தாள்.

பெட்டியின் பதிவேட்டைக் கணினியில் திறந்தாள். பழைய நிரலிடம் போய்ப் படிக்கப்படாமல் கிடந்த அழைப்புகள்: பதினேழு.