தஞ்சாவூருக்கு வந்த லடாக் பாக்டீரியா

லடாக்கின் மலைமண்ணிலிருந்து பிரித்தெடுத்த அந்த பாக்டீரியா தஞ்சாவூரில் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தபோது நல்ல ரோஜா நிறத்தில் இருந்தது. அந்த உயரத்தில் புற ஊதாக் கதிரும் உறைகுளிரும் சேர்ந்து, உயிரணுவுக்குள் இருக்கும் ஆக்சிஜனையே நஞ்சாக மாற்றிவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு அந்த நஞ்சுகளில் ஒன்று. அதைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துப்போடும் ஒரு நொதியை உண்டாக்கித்தான் இது பிழைக்கிறது. நிறமும் அதற்குத் துணை. இந்தச் சாமர்த்தியத்தை ஆராய்வதுதான் என் முனைவர் பட்ட வேலை.

எங்கள் பக்கம் விருந்தாளி வந்தால் இலையில் இடம் தெரியாத அளவுக்குப் பரிமாறுவோம். இதையும் அப்படித்தான் வளர்த்தேன். சத்தான உணவு, இதமான இருட்டு, வாரம் தவறாமல் புது வளர்ப்புத் தட்டு. சில மாதங்களில் வெளுத்துப்போனது. பெராக்சைடு கொடுத்துப் பார்த்தால் ஒன்றுகூட மிச்சமில்லாமல் செத்தது. உறைபெட்டியில் வைத்திருந்த மூல மாதிரியோ, கோடை விடுமுறையில் பெட்டி பழுதானது யாருக்கும் தெரியாமல்போனதால் முன்பே வீணாகியிருந்தது. கையில் இருந்தது இந்த வெள்ளைச் சோம்பேறி மட்டும்தான்.

என் ஆய்வு நெறியாளர் கோபிக்கவில்லை. அதை விட்டுவிட்டு, கடலோர உப்பு மண்ணில் ஒன்றை எடுத்துப் புதிதாகத் தொடங்கச் சொன்னார். மாதக் கடைசிவரை அவகாசம் கேட்டு வாங்கினேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அவர் மேல் அல்ல, பாக்டீரியா மேல். அவ்வளவு குளிரைத் தாங்கிய உனக்கு என் சாப்பாடு ஆகவில்லையா என்று தட்டைப் பார்த்தே திட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூதலூரில் எங்கள் குறுவை வயலில் நின்றிருந்தேன். கணவர் துபாயில் இருப்பதால் வயல் என் பொறுப்பு. மண்ணைக் காயவிட்டு, மயிரிழை வெடிப்பு கண்ட பிறகுதான் மோட்டாரைப் போடுவேன். காய்ச்சலும் பாய்ச்சலும் என்போம். வீடியோ அழைப்பில் வெடிப்பைப் பார்த்த கணவர் பதறிப்போய், தண்ணீர் விட்டால் என்ன என்று கேட்டார்.

"காயட்டுங்க. காஞ்சாத்தான் வேர் கீழ போகும். எப்பவும் தண்ணி நின்னா பயிர் சொகுசாயிடும்" என்றேன்.

சொன்னவள் அப்படியே நின்றுவிட்டேன். வயலில் தெரிந்து செய்வதை ஆய்வகத்தில் ஏன் செய்யவில்லை என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

மறுநாளே உணவைக் குறைத்தேன். கொல்லாத அளவுக்குத் துளி பெராக்சைடு விட்டேன். தெளியவிட்டு, மறுபடி கொஞ்சம் கூட்டினேன். பல தட்டுகள் செத்தன. செத்ததைத் தூக்கிப்போட்டுவிட்டு, பிழைத்ததிலிருந்து தொடங்குவேன்.

மாதக் கடைசியில், முன்பு எல்லாவற்றையும் கொன்ற அதே அளவைக் கொடுத்தேன். காலையில் தட்டு நிறையப் புள்ளி புள்ளியாக வளர்ந்திருந்தது. நிறம் திரும்பவில்லை, வெள்ளையேதான். ஆனால் ஒரு சொட்டு பெராக்சைடு பட்டதும் குபுகுபுவென்று நுரைத்தது. நொதி வேலை செய்கிறது. உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில்தான்.

நெறியாளர் வந்து பார்த்துச் சிரித்தார். "போதும்மா, இனிமே கஷ்டப்படுத்தாதீங்க. பத்திரமா வச்சுக்குங்க."

"பத்திரமா வச்சுத்தான் சார் கெட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டு, அடுத்த தட்டில் பெராக்சைடைக் கூட்டி விட்டேன்.